தன் நாக்குக்குக் காய்ச்சுகிறவர்கள்: பெல்ஜியம் நாட்குறிப்பு

பெல்ஜியம் போகிறேன் என்றதும் வீட்டில் சாக்லேட் கேட்டார்கள், ஆபீஸில் வைரத்தின் விலையை விசாரித்து வரச் சொன்னார்கள். நான் போனதோ பீர் காய்ச்சுகிறவர்களின் இடங்களைப் பார்க்க. பெரிய குடிகாரன் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாவது டம்ளரிலேயே தூக்கம் வந்துவிடும் ஆள் நான். ஆனால் ஒரு மனிதர் இருபது முப்பது வருடம் அதே கொப்பரை முன்னால் நின்று, ஊரே வேறொன்று குடிக்கும்போதும் தான் நினைத்ததையே ஏன் காய்ச்சுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்: "வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என்ன குடிப்பீர்கள்?" அன்றன்று இரவு எழுதியவை இவை. உடம்பு அசந்த இரவுகளில் குறிப்பும் சுருங்கியிருக்கிறது.

நவம்பர் 7, வியாழன் – பிரஸ்ஸல்ஸ்

மாலை ஐந்தரைக்கே நல்ல இருட்டு. மழை என்றும் சொல்ல முடியாது. குடை பிடித்தால் கேலியாக இருக்கும், பிடிக்காவிட்டால் கால் மணியில் சட்டை ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் யாரும் குடை பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. விடுதி அறையில் ஹீட்டர் ஓடவில்லை. வரவேற்பில் இருந்த பெண் வந்து தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஹீட்டர் பேச்சு அத்தோடு முடிந்தது.

பசிக்கு முதலில் உருளைக்கிழங்கு வறுவல். மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரித்துக் காகிதக் கூம்பில் போட்டுத் தருகிறார்கள். நாலரை யூரோ, சாஸுக்குத் தனியாக ஒரு யூரோ. நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு உருளைக்கிழங்கா என்று மனசு கணக்குப் போட்டது. மயோனைஸ் கேட்க வாயெடுத்தேன். பின்னால் நின்ற தாத்தா என் தோளைத் தட்டி, "ஆண்டலூஸ் கேளுங்கள்" என்றார். மயோனைஸில் தக்காளியும் குடைமிளகாயும் கலந்த சாஸ். நான் சாப்பிட்டுப் பார்த்து முகம் மலர்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தனக்கு ஆர்டர் சொன்னார்.

அங்கிருந்து கால்வாய்ப் பக்கம், டூர் எ டாக்ஸி என்னும் பழைய சரக்குக் கிடங்குப் பகுதிக்குப் போனேன். ப்ராஸரி ட லா சென் என்ற ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சும் இடம், 2019 முதல் இங்கேதான் இருக்கிறது. சென் என்பது இந்த ஊரின் ஆறு. நாற்றம் தாங்காமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மூடி மேலே சாலை போட்டுவிட்டார்கள். மூடிய ஆற்றின் பெயரைத் தூக்கி வைத்துக்கொண்ட ப்ரூவரியை நடத்துபவர்கள் ஈவான் டி பாட்ஸ், பெர்னார் லபூக் என்ற இரண்டு பேர். பெல்ஜியம் பீர் என்றாலே இனிப்பு, மசாலா, எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹால் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், டி பாட்ஸ் கசப்பும் வறட்டுத்தன்மையும்தான் அழகு என்று பிடிவாதமாக நின்றார். சேசோன் என்னும் பழைய பண்ணை வீட்டு பீர்களின் வரலாற்றைத் தோண்டி எழுதியவரும் அவர்தான். அவர்களுடைய தாராஸ் புல்பா வெறும் 4.5 சதவீதம். முதல் வாயில் எலுமிச்சைத் தோல், அடுத்த வாயில் நல்ல கசப்பு, மூன்றாவது வாய்க்குள் டம்ளர் பாதி காலி. என் நாக்குக்கு இதுவே போதும் என்று பட்டது.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் ஊருக்கு வெளியே வேறொரு சின்ன ப்ரூவரியில் வேலை செய்கிறவர். கையைக் காட்டினார்: விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. காஸ்டிக் சோடா. "பீர் காய்ச்சுகிறது ஈஸ்ட்டுடைய வேலை, கழுவுகிறதுதான் என் வேலை" என்றார். காலை ஐந்து மணிக்கு மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் கலக்க ஆரம்பித்தால், வடித்த பிறகு அடியில் தங்கும் நனைந்த சக்கையை மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும். அதை மாட்டுத் தீவனத்துக்கு எடுத்துப்போக ஒரு விவசாயி வருவார். அவர் வராத நாளில் சக்கை நாற்றம் தெரு முனை வரைக்கும் போகும். அப்புறம் தொட்டி, குழாய், வால்வு, தரை எல்லாம் கழுவல்.

வீட்டுக்குப் போனால் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டேன். "பில்ஸ்" என்றார், கூச்சமே இல்லாமல். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் பீர்.

நவம்பர் 8, வெள்ளி – ஆண்டர்லெக்ட்

கான்டியோன் ப்ரூவரி மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். மொரோக்கோக்காரர்கள் நிறைய வசிக்கும் பகுதி. வழியில் ஒரு கடையில் ம்ஸெமன் என்ற சதுர ரொட்டியைக் கல்லில் போட்டு, வெண்ணெயும் தேனும் தடவி மடித்துக் கொடுத்தார்கள், இரண்டு யூரோ. நான் போகிற இடத்தைக் கேட்ட கடைக்காரப் பெரியவர், கையிலிருந்த கரண்டியாலேயே திசை காட்டினார். "இத்தனை வருடத்தில் அந்த வாசலுக்குள் நான் போனதில்லை, வழி மட்டும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்" என்று சிரித்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு என்றே தோன்றும். உள்ளே நுழைந்ததும் ஈர மரம், தூசி, புளிப்பு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. 1900இல் பால் கான்டியோனும் மனைவி மரி ட்ரோவும் தொடங்கிய இடம் இது. தொடக்கத்தில் மற்றவர்கள் காய்ச்சியதை வாங்கிக் கலந்து விற்றவர்கள். சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது அடுத்த தலைமுறையில்.

இங்கே செய்வது லாம்பிக். சுமார் மூன்றில் இரண்டு பங்கு மால்ட் செய்த பார்லி, மீதி முளைகட்டாத கோதுமை. பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப் பூவைப் புதிதாகப் போடுவதில்லை. இரண்டு மூன்று வருடம் பழசாக்கி, வாசமும் கசப்பும் போன பிறகு போடுகிறார்கள். கெட்ட பாக்டீரியாவைத் தடுக்கிற குணம் மட்டும் அதில் மிஞ்சியிருந்தால் போதும். மணிக்கணக்கில் கொதித்த இனிப்பு நீரை மாடிக்கு ஏற்றி, கூரைக்கு அடியில் இருக்கும் செம்புத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். தொட்டி அகலம், ஆழமில்லை. கூரைத் தடுப்புகள் திறந்திருக்கும். இரவு முழுக்கக் குளிர்காற்று மேலே தவழ, காற்றிலும் கட்டடத்திலும் உள்ள ஈஸ்ட்டுகள் தாமாக வந்து இறங்குகின்றன. யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காலையில் பீப்பாய்க்குப் போகிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் அங்கேயே கிடக்கிறது. பிறகு இளசையும் பழசையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ்.

பனங்கள் குடித்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும். கலயத்தில் யார் ஈஸ்ட் போட்டார்கள்? கள் அரை நாளில் பொங்கிவிடுகிறது, இது மூன்று வருடம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இவர்கள் அருங்காட்சியகம் வைத்துப் பாதுகாக்கிறார்கள், நம் ஊரில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அந்தப் புலம்பலை இங்கே ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகள். யாரும் கலைப்பதில்லை, பழ ஈக்களைப் பிடிக்கும் காவல்காரர்கள் அவை. அதையும் தாண்டி, இந்தக் கட்டடத்தில் எதை மாற்றினாலும் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மாறிவிடுமோ என்ற பயம். கூரை ஓட்டை மாற்றுவதற்கே யோசிக்கிற தொழில் இது.

குளிர் இல்லாவிட்டால் வேலையே இல்லை. இரவு வெப்பநிலை எட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நல்லது. தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவிலேயே காய்ச்சத் தொடங்கியவர்கள் இப்போது நவம்பர் வரை காத்திருக்கிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்ததால், இப்போது இங்கே காய்ச்சும் ழான் வான் ராய் சில நாள் காய்ச்சலை ரத்து செய்ய வேண்டிவந்தது. நாம் வானிலைச் செய்தியில் குடை எடுக்கலாமா என்று பார்க்கிறோம், அவர் வருடத்தில் எத்தனை நாள் தொழில் உண்டு என்று பார்க்கிறார்.

ழானின் அப்பா ழான்-பியர், கான்டியோன் வீட்டு மாப்பிள்ளை. சந்தை முழுக்க இனிப்புச் சேர்த்த கூஸுக்குப் போய்விட்ட காலத்தில் சர்க்கரை சேர்க்க மாட்டேன் என்று நின்றவர். விற்பனை விழுந்தபோது 1978இல் ப்ரூவரியை அருங்காட்சியகமாகத் திறந்தார். டிக்கெட் காசில் பீர் பிழைத்தது. மகனுக்கோ ஒயின் மேல், அதுவும் இயற்கை முறையில் செய்யும் ஒயின் மேல், பெரிய காதல். மெர்லோ திராட்சை போட்டு ஒரு லாம்பிக், பிரான்ஸிலிருந்து வரும் ஆப்ரிகாட் போட்டு இன்னொன்று. ப்ரூவரின் ஆசை பீப்பாய்க்குள் போவது என்றால் இதுதான்.

கடைசியில் கொடுத்த முதல் டம்ளர், கலக்காத லாம்பிக். நுரையே கிடையாது. புளிப்பு பல்லைக் கூசவைத்தது. இதற்கா ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து வந்த கூஸ் வேறு உலகம். ஊற்றிய இளைஞரிடம் என் கேள்வியைக் கேட்டேன். "வீட்டிலா? ஒயின். இங்கே வேலைக்குச் சேர்ந்தால் எல்லோருக்கும் அந்த நோய் தொற்றிவிடும்" என்றார்.

அறையில் ஹீட்டர் இன்றும் இல்லை. இன்னொரு போர்வை வந்தது.

நவம்பர் 9, சனி – பேர்செல்

கெண்ட் நகரில் பல வருடமாகக் குடியிருக்கும் கல்லூரி நண்பன் வந்து சேர்ந்துகொண்டான். பிரஸ்ஸல்ஸிலிருந்து தெற்கே கொஞ்ச நேர ரயில் பயணம், வயல்கள், மேடு பள்ளம், ஒரு பழைய செங்கல் கோட்டை. லாம்பிக்கின் சொந்த மண் இந்தப் பகுதிதான்.

சதுக்கத்தில் ட்ரி ஃபொன்டெய்னன் உணவகம். காஸ்டன் டெபெல்டர் 1953இல் வாங்கிய குடிக்கடை, பிறகு மகன்கள் கைக்கு வந்தது. மூத்தவர் அர்மான் டெபெல்டர் லாம்பிக் கலப்பதில் கைதேர்ந்தவர். மற்றவர்களிடமிருந்து லாம்பிக் வாங்கிக் கலந்துகொண்டிருந்தவர், இந்தத் தொழிலே செத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசியில் தைரியமாகச் சொந்தக் கொப்பரை போட்டார். 2009 மே மாதம் கிடங்கின் தெர்மோஸ்டாட் கெட்டு, வெப்பக் காற்று நிற்காமல் ஊதியது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன. வெடிக்காத பல்லாயிரம் பாட்டில்களும் வெந்து வீணாயின. அதற்குள் இருந்தது ஒரு வருடத்து உழைப்பு அல்ல, பல வருடங்களின் பொறுமை. காய்ச்சும் சாதனங்களையும் இழந்து, மறுபடி அடுத்த வீட்டு லாம்பிக்கை வாங்கிக் கலக்கும் நிலைக்குப் போனார். வீணான கூஸைக் கொட்டாமல் வாலையில் வடித்து, சாராயமாக்கி, அர்மான்'ஸ்பிரிட் என்று தன் பெயரிலேயே விற்றார். வாடிக்கையாளர்களும் மற்ற லாம்பிக்காரர்களும் வந்து பாட்டில் கழுவிக் கொடுத்தார்களாம். சில வருடம் கழித்து மறுபடி கொப்பரை சூடானது. 2022 மார்ச்சில் அர்மான் காலமானார்.

இதை நான் சொல்லி முடித்ததும் நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாப்ளே, ஒரு சர்வர் ரூம் ஏசி நின்னதுக்கே எங்க மேனேஜர் மூணு மாசம் அழுதார்டா" என்றான்.

சாப்பாடு நீண்டது. முதலில் கறுத்த ரொட்டிமேல் மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டி, முள்ளங்கி, வெங்காயத்தாள். லாம்பிக்குக்குத் துணை இதுதான் என்று பரிமாறிய அம்மா சொன்னார். நண்பன் மிளகுத்தூள் கேட்டு வாங்கி மூடியைக் கழற்றிக் கொட்டியதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். பிறகு கூஸில் வேகவைத்த முயல். இருவருக்கும் சேர்த்து எழுபது யூரோ சொச்சம். விலை அதிகம்தான், ஆனால் அந்தக் குழம்பில் ரொட்டியைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டபோது புகார் ஒன்றும் இல்லை.

அங்கிருந்து அவுட் பேர்செல் ப்ரூவரிக்கு நடை. 1882இல் தொடங்கி 2002இல் மூடிய இடம். தனக்குப் பிடித்த பீர் இனி வராது என்று கேள்விப்பட்ட கெர்ட் கிறிஸ்டியான்ஸ் என்ற இளைஞர், காய்ச்சும் வேலையைக் கற்றுக்கொண்டு, 2005இல் அதை மறுபடி திறந்தார். நாமாக இருந்தால் வேறு பிராண்டுக்கு மாறியிருப்போம். இனிப்பு நீரை அவர் தன் செய்முறைப்படி லெம்பேக் ஊரிலுள்ள போன் ப்ரூவரியில் காய்ச்ச வைத்து, தன் பீப்பாய்களில் முதிரவைத்தார். போட்டிக்காரர் கொப்பரையில் உன் சரக்கு கொதிக்கும் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. இங்கே யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. ஒருவரிடம் ஒருவர் லாம்பிக் வாங்காமல் இந்தக் குலமே பிழைத்திருக்காது.

திரும்பும்போது நடைமேடையில் காற்று அறைந்தது. ரயில் வரும்வரை இருவரும் கல்லூரி மெஸ் சாம்பாரைத் திட்டிப் பொழுதைப் போக்கினோம்.

நவம்பர் 10, ஞாயிறு – ஏசன்

மேற்கு ஃப்ளாண்டர்ஸ் முழுக்கத் தட்டை. டிக்ஸ்மௌடெ நிலையத்தில் இறங்கி ஏசன் கிராமத்துக்கு முக்கால் மணி நடை; எதிர்க்காற்றில் ஒரு மணி ஆனது. நண்பனின் தொப்பி பீட்ரூட் வயலுக்குள் பறந்தது. எடுக்கப் போனவன் முழங்கால் வரை சேற்றோடு வந்தான். அதே கோலத்தில் ப்ரூவரிக்குள் நுழைந்தோம். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, பாதிப் பேரின் காலணி அதே நிறத்தில்தான் இருந்தது.

டி டொல்ல ப்ரௌவர்ஸ், அதாவது கிறுக்குப் பிடித்த ப்ரூவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், மூடப்போகும் நிலையில் இருந்ததை 1980இல் கிறிஸ் ஹெர்டலேர் சகோதரர்களோடு வாங்கினார். அவர் படித்தது கட்டடக்கலை, மனசு ஓவியத்தில். குடிக்கும் கூடத்துச் சுவரெங்கும் அவருடைய படங்கள், பாட்டில் லேபிளில் அவருடைய கோடுகள், எங்கு திரும்பினாலும் கை கால் முளைத்த ஒரு மஞ்சள் பொம்மை. வார இறுதியில் மட்டும் கதவு திறக்கும். வெளியே முகம் தெரியாத ஏஜென்சி வடிவமைத்த லேபிள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே ஆளின் கைத்தடம் இப்படிக் கட்டடம் முழுக்க இருப்பது ஆச்சரியம்.

இரண்டு மணிக்குச் சுற்றிக் காட்டினார்கள். பல வருடம் இந்த வேலையைச் செய்தவர் ஹெர்டலேரின் அம்மா; நல்ல முதிய வயதிலும் ஏணிப்படி ஏறி, வந்தவர்களை அதட்டி, காய்ச்சும் முறையை விளக்கியவர் என்று இந்த வட்டாரத்தில் பேர் போனவர். செம்புக் கொப்பரைக்கு அடியில் நேரடி நெருப்பு. மேலே ஆறவைக்கும் தொட்டி. குழாய்களில் பாதிக்கு மேல் பழைய காலத்தவை. எதையும் அலங்காரத்துக்காக வைத்திருக்கவில்லை, எல்லாம் வேலை செய்கின்றன.

ஒரு சமாச்சாரம் எனக்குப் பிடித்தது. அவர்களுடைய முதல் பீரான ஊர்பீருக்கு ஈஸ்ட் ரூஸலாரவில் உள்ள ரோடன்பாக் ப்ரூவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ரோடன்பாக் கைமாறியதும் அந்த வரத்து நின்றது. பக்கத்து வீட்டு உறைமோரை நம்பியவன் கதை. தன்னிடம் இருந்ததை வளர்த்து வளர்த்து வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது, சுவையும் மாறியது. பழைய ஊர்பீர்தான் ஊர்பீர் என்று சாதிக்கும் ஆட்கள் இன்றும் உண்டு. பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார், மனைவி கண்ணை உருட்டும்வரை பேசினார்.

ஊர்பீர் 9 சதவீதம். கறுப்புத் திராட்சை, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கருகல். கிறிஸ்துமஸ் பீரான ஸ்டில்ல நாஹ்ட் 12 சதவீதம். ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம், அதற்கே நண்பன் சேற்றுக் காலோடு தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டான். "கட்டடக்கலை படிச்சவர்டா. நாமளும் என்னமோ படிச்சோம், என்னமோ பண்றோம், ஆனா இப்படி இல்லையே." கவுன்டரில் இருந்த பெண்மணியிடம் என் கேள்வி. "தேநீர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்களுக்கு ஊற்றிவிட்டு நானும் குடித்தால் திங்கட்கிழமை யார் எழுந்திருப்பது?"

ஐந்து யூரோகூட இல்லை ஒரு டம்ளர். இந்தப் பயணத்தில் காசுக்கு மேல் கிடைத்த இடம் இதுதான்.

நவம்பர் 11, திங்கள் – போப்பரிங்க, வெஸ்ட்ஃப்லேட்டரன்

நண்பன் காலையிலேயே கெண்டுக்குத் திரும்பிவிட்டான். முதல் உலகப்போர் முடிந்த நாள் என்பதால் ஈப்பர் பக்கம் போகும் ரயிலில் நிற்க இடமில்லை. எல்லோர் சட்டையிலும் நினைவுக்காக அணியும் சிவப்புப் பாப்பிப் பூ. ஈப்பரில் உள்ள மெனின் வாசல் என்ற போர் நினைவுச்சின்னத்தில் பொறித்த பெயர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பெரியவர் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குத் தொப்பியைத் தொட்டு வணங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

போப்பரிங்க ஹாப் விளையும் ஊர். அறுவடை செப்டம்பரிலேயே முடிந்து, உயரமான கம்பங்களும் கம்பிகளும் மட்டும் நின்றன. வெஸ்ட்ஃப்லேட்டரன் மடாலயத்துக்குப் போக வாடகை சைக்கிள் எடுத்தேன். மடாலயத்துக்குப் பாதி வழியில் பின் சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. தள்ளிக்கொண்டே போனபோது ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தைக் கழற்றி, ஒட்டுப்போட்டு, காற்றடித்துக் கொடுத்தார். ஐந்து யூரோ நீட்டினேன். கோபமாகவே பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செயின்ட் சிக்ஸ்டஸ் மடாலயத்தில் துறவிகள் 1839 முதல் காய்ச்சுகிறார்கள். 2005இல் அவர்களுடைய 12 என்ற பீரை உலகிலேயே சிறந்தது என்று இணைய ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வயல்வெளிச் சாலையில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. வேறு எந்தக் கம்பெனியும் அடுத்த மாதமே இரண்டு ஷிஃப்ட் போட்டிருக்கும். இவர்கள் ஒரு லிட்டர்கூடக் கூட்டவில்லை. நாளெல்லாம் வழிபாடு, நடுவில் வேலை. மடத்தை நடத்தத் தேவையானது வந்தால் போதும் என்ற கணக்கு. பல வருடம் பாட்டிலில் லேபிளே கிடையாது, மூடியின் நிறம்தான் அடையாளமாக இருந்தது. வாங்க வேண்டுமானால் முன்பதிவு, வண்டி எண், ஆளுக்கு இத்தனை என்று அளவு. கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும் 2011இல் சூப்பர் மார்க்கெட் வழியாகப் பெட்டிகளை விற்றார்கள். சுவர் கட்டி முடிந்ததும் கடையை மூடிவிட்டார்கள்.

மடாலயத்துக்கு எதிரே இன் டி ஃப்ரேட என்ற உணவகம். பெரியது, சத்தமானது, குழந்தைகள் ஓடுகிறார்கள். துறவு மணம் எதுவும் இல்லை. 12 கிட்டத்தட்ட ஏழு யூரோ, 10.2 சதவீதம். நல்ல பீர்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகிலேயே சிறந்தது என்று காதில் ஓதிவிட்ட பிறகு எதைக் குடித்தாலும் ஒரு பரிசோதகரின் முகம் வந்துவிடுகிறது. அதோடு வந்த கோழி, முயல், பன்றி சேர்த்த குளிர்ந்த கறிக்கூழ் எனக்கு இறங்கவில்லை. மடாலயச் சீஸ் தட்டோடு நிறுத்திக்கொண்டேன். துறவிகளிடம் கேள்வி கேட்க வழியில்லை. பரிமாறிய பையனிடம் கேட்டேன். கோலா என்றான்.

திரும்பும் வழியிலும் எதிர்க்காற்று. எப்படி இரு திசையிலும் எதிர்க்காற்று அடிக்கும் என்று யாராவது இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 12, செவ்வாய் – பிரஸ்ஸல்ஸ்

தொடை வலி, தடுமன். துணி துவைத்தேன். மத்தியானம் பீரில் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பும் வறுவலும், பத்தொன்பது யூரோ. குழம்பில் கடுகு தடவிய ரொட்டித் துண்டைக் கரைத்துக் கெட்டியாக்குகிறார்கள். பீர் எதுவும் குடிக்கவில்லை. மூன்றாவது போர்வை தேவைப்படவில்லை, ஹீட்டர் ஓடுகிறது.

நவம்பர் 13, புதன் – ஓர்வால்

நாட்டின் தென்கோடி. லிப்ரமோனில் ரயில் மாறி, ஃப்ளோரன்வில்லில் இறங்கி, அங்கிருந்து பஸ். காடு முழுக்கச் செம்பழுப்பு, சாலையில் ஈர இலைகள். மழை விட்டிருந்தது.

ஓர்வால் மடாலயத்தின் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு ஊற்று. மட்டில்டா என்ற சீமாட்டி அதில் மோதிரத்தைத் தொலைத்து வேண்டிக்கொள்ள, ஒரு ட்ரவுட் மீன் வாயில் கவ்விக் கொண்டுவந்ததாம். அந்த மீன்தான் லேபிளில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எரிந்துபோன மடத்தை 1920களில் மீண்டும் கட்டத் தொடங்கி, செலவுக்குப் பணம் வேண்டி 1931இல் ப்ரூவரி வைத்தார்கள். கட்டடம் வரைந்த ஆன்ரி வாஸ்தான் பீர்க் கோப்பையையும் வரைந்தவர். வெஸ்ட்ஃப்லேட்டரன் போல் இல்லாமல், இங்கே காய்ச்சுவது தொடக்கத்திலிருந்தே சம்பளம் வாங்கும் வெளியாட்கள். ப்ரூவரிக்குள் விடுவதில்லை, வருடத்தில் ஓரிரு நாள் தவிர.

1985 முதல் இங்கே காய்ச்சியவர் ழான்-மரி ராக். அவரைப் பற்றிய ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்லலாம். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியின் பூல்வார்ட் ப்ரூவரி, உங்கள் விருப்பப்படி ஒரு பீர் சேர்ந்து காய்ச்சலாம் வாருங்கள் என்று அழைத்தது. ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து மாஸ்டர் என்ன காய்ச்சுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் செய்தது ஒரு பில்ஸ்னர், அதாவது பில்ஸ். கொஞ்சம் வலுவானது, ஆனாலும் பில்ஸ்னர். முதல் நாள் ஸ்டூல்காரர் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். 2013இல் அவருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஆன்-ஃபிரான்சுவாஸ் பிபார்ட். ஆய்வகத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ட்ராப்பிஸ்ட் ப்ரூவரி ஒன்றின் தலைமை ப்ரூவரான முதல் பெண்.

மடத்துக்கு அருகில் அவர்களுடைய உணவகம். ஓர்வால் கேட்டதும் பதிலுக்குக் கேள்வி வந்தது: இளசா, பழசா? பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ் என்ற முரட்டு ஈஸ்ட்டைச் சேர்ப்பதால் மாதம் ஏற ஏறச் சுவை மாறிக்கொண்டே போகும். இரண்டும் கேட்டேன். இளசில் ஹாப் பூ வாசமும் நல்ல கசப்பும். பழசில் கசப்பு தணிந்து, தோல், வைக்கோல், வறட்சி. எனக்கு இளசு, பக்கத்து மேஜைத் தம்பதியரில் கணவருக்குப் பழசு, மனைவிக்கு இளசு, முப்பது வருடமாக இதே சண்டை என்றார்கள். இங்கே மட்டும் கிடைக்கிற, ஆல்கஹால் குறைந்த பச்சை ஓர்வாலும் உண்டு. அதை மடத்துக்காரர்களே குடிக்கிறார்களாம். இளசையும் மிஞ்சிவிட்டது அது.

பஸ் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தது, வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. இருட்டத் தொடங்கியபோது ஒரு வேன் நின்றது. ஓட்டியவர் அறுபது வயதுப் பெண்மணி, பின் சீட்டில் நனைந்த நாய். ஃப்ளோரன்வில் நிலையமா, ஏறு என்றார். நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. பழக்கத்தில் அவரிடமும் கேட்டேன்.

"பீரா? எனக்குச் சகிக்காது. என் வீட்டுக்காரர்தான் மாடிப்படிக்கு அடியில் பெட்டி பெட்டியாகத் தேதி எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். எனக்குக் காபி. அதையும் மத்தியானத்துக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்." நிலைய வாசலில் இறக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கத்தினார்: "லிப்ரமோனில் மாறுவதற்கு ஏழு நிமிடம்தான், நடந்தால் போய்விடும், ஓடு!"

ஓடினேன். பெட்டி நிறைய ராணுவச் சீருடைப் பையன்கள். ஒருவன் பையை மேலே தூக்கி வைத்து இடம் கொடுத்தான். என் மேல் நாய் வாசனை அடித்தது, பிரஸ்ஸல்ஸ் வரை அவன் எதுவும் சொல்லவில்லை.